சாக மறுத்த செல்கள்

ராய்லி ஹாப்பாலாவின் பெயர் ஒரு விஞ்ஞானப் பத்திரிகையில் அச்சாகி வந்தபோது அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. அதற்கு முன்னால் அவள் பெயர் அச்சில் வந்தது கல்யாணத்துக்கு ஒரு தடவை, தேவாலயத் திருவிழாவில் ஏலக்காய் ரொட்டிக்கு மூன்றாம் பரிசு வாங்கியதற்கு ஒரு தடவை. மூன்றாம் பரிசு என்று போட்டதற்குப் பேசாமல் இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் சொல்வாள். இந்தத் தடவை கதையே வேறு. கட்டுரைத் தலைப்புக்குக் கீழே இருந்த நாலு பெயர்களில் முதல் பெயர் அவளுடையது. பேராசிரியர் போய்கோ தன் பெயரைக் கடைசியில் போட்டுக்கொண்டு, வேலையைச் செய்தவள் பெயரைத் தலையில் வைத்திருந்தார்.

ஓர்வோ, அவள் புருஷன், காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்த முதல் பக்கத்தை மீன் வடிவக் காந்தத்தால் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினான். பிறகு ஒரு கத்தை நகல் எடுத்துக்கொண்டு கர்லிங் கிளப்புக்குப் போனான். தண்டர் பே ஊரில் குளிர்காலம் வந்தால் வயசானவர்கள் எல்லாம் பனித்தளத்தில் கல்லைச் சறுக்கிவிட்டு, அதற்கு முன்னால் துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டே ஓடுகிற இடம் அது. ஆட்டத்தைவிடப் பேச்சுதான் அங்கே அதிகம். அந்த வாரம் முழுக்க ராய்லியின் பேச்சுதான்.

“அப்போ தினம் ரெண்டு கிளாஸ் ஆரஞ்சு ஜூஸ் குடிச்சா எனக்குப் பக்கவாதம் வராது, அப்படித்தானே ராய்லி?” என்று கேட்டான் எய்னோ, ஓர்வோவின் ஆட்டக் கூட்டாளி.

“நான் சொன்னது தட்டுல வளர்ற எலி செல்லுக்கு. உன் மண்டைக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கு எப்படிப்பா தெரியும்?”

“ஒண்ணும் இல்லைன்னு என் பொண்டாட்டி சொல்றா.”

“அவ சொன்னா சரியாத்தான் இருக்கும். அப்போ ஜூஸ் தேவையில்லை, போ.”

கட்டுரையின் விஷயம் பெரிய மர்மமில்லை. மூளையில் இருக்கும் நரம்பு செல்லுக்கு ஆக்ஸிஜன் நின்றுபோனால் அது தவித்துப்போகும். அதைவிடக் கொடுமை, ஆக்ஸிஜன் திரும்பி வரும் நேரம். அப்பாடா என்று மூச்சு விடப்போகும் சமயத்தில் அந்த ஆக்ஸிஜனே உள்ளே தீயாய்ப் பற்றிக்கொள்ளும். முன்கூட்டியே வைட்டமின் சி ஊட்டி வளர்த்த செல்கள் அந்தத் தீயைப் பெரும்பாலும் அணைத்துவிட்டுப் பிழைத்துக்கொள்கின்றன, ஊட்டாதவை கும்பலாகச் சாகின்றன. இதைத்தான் ராய்லி தட்டு தட்டாகச் செய்து, எண்ணிக் காட்டியிருந்தாள். இந்த யோசனை போய்கோவுக்கு வந்தது ஆமையிடமிருந்து. உறைந்த ஏரிக்கு அடியில், சேற்றில், குளிர்காலம் பூராவும் மூச்சில்லாமல் கிடந்துவிட்டு வசந்தத்தில் ஒன்றுமே நடக்காததுபோல வெயிலில் வந்து உட்காருகிற ஆமையின் மூளையில் வைட்டமின் சி ஏகமாக இருக்கிறது. அது ஏன் என்று யோசித்துக்கொண்டே அவர் நகத்தைக் கடித்துத் தீர்த்திருந்தார்.

ராய்லி காலேஜ் வாசலை மிதித்ததில்லை. அவளும் அதே காகித ஆலையில்தான், மரக்கூழைச் சோதிக்கிற அறையில் இருந்தாள். கூழ் எத்தனை கெட்டி, எத்தனை வெள்ளை என்று பார்த்துச் சொல்வது வேலை. ஓர்வோவைப் பார்த்ததும் அங்கேதான். ஆலை மூடியதும் ஊரில் பாதிப் பேர் மேற்கே எண்ணெய் வயலுக்குப் போனார்கள். அவள் பல்கலைக்கழகத்தில் கண்ணாடிச் சாமான் கழுவ ஆள் கேட்டிருந்ததைப் பார்த்துப் போனாள். கழுவப் போனவள் கொஞ்ச நாளில் செல் வளர்க்கப் பழகிக்கொண்டாள். கை நடுங்காது, பொறுமை உண்டு, பேசிக்கொண்டே வேலை செய்தாலும் அளவு தப்பாது.

நரம்பு செல்லை முதன்முதலாக மைக்ராஸ்கோப்பில் பார்த்த அன்று அவள் சாப்பிடப் போகவே மறந்துவிட்டாள். தட்டில் விட்டபோது வெறும் உருண்டையாக இருந்தது, சில நாளில் கை நீட்டித் துழாவி, பக்கத்தில் இருப்பதைத் தொட்டு, பிடித்துக்கொண்டு விடுகிறது. அந்தத் துழாவலைப் பார்த்ததும் அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகூட விட்டதில்லை, செல்லுக்குத் தீனி மாற்றப் போய்விடுவாள்.

“நாய்க்குட்டி வளர்த்திருந்தாலாவது வாலாட்டியிருக்கும்” என்பான் ஓர்வோ.

“நாய்க்குட்டி எதுக்கு? அந்த வேலைக்குத்தான் உன்னை வச்சிருக்கேனே.”

வைட்டமின் சியைப் பற்றி அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. நேற்றுக் கரைத்தது இன்றைக்கு ஆகாது. தண்ணீரில் கரைத்து வைத்தால், நறுக்கிப்போட்ட ஆப்பிள் மாதிரி மெல்ல மெல்ல நிறம் மாறிக் கெட்டுப்போகும். அதனால் காலையில் வந்ததும் கோட்டை மாட்டிவிட்டு முதல் வேலையாகத் தூளை நிறுத்துக் கரைப்பாள். மிச்சத்தைச் சாயங்காலம் கொட்டிவிடுவாள். பாட்டிலில் பழசு இருப்பதைப் பார்த்தால் அவளுக்கு வரும் கோபம், காப்பியைத் திரும்பச் சூடுபண்ணிக் கொடுத்தால்கூட வராது.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஜனவரி கடைசியில் போய்கோ அவள் மேஜைக்கு வந்து நின்றார். நகத்தில் ஒன்றும் மிச்சமில்லாததால் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

“ராய்லி, ஹூஸ்டன்ல ஒரு லேப்ல நம்ம பரிசோதனையைச் செஞ்சு பாத்திருக்காங்க.”

“பரவாயில்லையே. என்னவாம்?”

“வரலையாம்.”

“வரலைன்னா?”

“வைட்டமின் சி போட்டாலும் போடாட்டியும் ஒரே மாதிரி இருக்காம். வித்தியாசமே இல்லையாம். மூணு தடவை பண்ணிட்டாங்க. இப்போ அவங்க லேப் மேனேஜர் அம்மாவை அனுப்புறாங்க. நீங்க செய்யறதைப் பக்கத்துல நின்னு பாக்கணுமாம்.”

ராய்லி கையிலிருந்த பாட்டிலை மூடி வைத்தாள். பிறகு, “அந்த அம்மா கண் முன்னாலயும் வரலைன்னா?” என்று கேட்டாள்.

போய்கோ நல்ல மனுஷர். பொய் சொல்லத் தெரியாது, அதுதான் அவரிடம் தொந்தரவு. “வரலைன்னா கட்டுரையை நாமளே திரும்ப வாங்கிக்கறதுதான் மரியாதை” என்றார்.

ஃபிரிட்ஜ் கதவு, கர்லிங் கிளப், எய்னோ, தேவாலயத்தில் ரொட்டிக்கு முதல் பரிசு வாங்கிய அந்தப் பொம்பளை, எல்லாம் ராய்லியின் கண் முன்னால் வரிசையாக வந்து போயின. அவள் பொய்யாக ஒரு செல்லைக்கூட எண்ணியதில்லை. ஆனால் அதை ஊருக்கு எப்படி நிரூபிப்பது? தட்டுதான் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு ஆள் வருகிறதென்றால் ராய்லியின் ஊர்ப்பக்கத்தில் முதலில் செய்வது சுத்தம். கம்பளத்தை வெளியே பனியில் குப்புறப் போட்டு அடித்து, ஜன்னலைத் துடைத்து, மூலைமுடுக்கெல்லாம் தேய்த்தால்தான் விருந்தாளி முகத்தில் விழிக்க முடியும். லேப்புக்கு ஆள் வருகிறதென்றதும் அவளுக்கு அதே புத்திதான் வந்தது. ஸ்டூலுக்கெல்லாம் புது உறை தைத்துப் போட்டாள். மைக்ராஸ்கோப்பைக் கல்யாணப் பெண்ணைப்போலத் துடைத்து வைத்தாள். கடைசியில் அவள் கண் அந்தக் குழாயில் போய் நின்றது.

செல் தட்டுகளை வைக்கும் காற்றுப்புகாப் பெட்டிக்கு நைட்ரஜன் போகிற குழாய் அது. சிலிண்டரைச் சங்கிலி போட்டு எதிர்ச் சுவரில் கட்ட வேண்டும் என்பது பாதுகாப்புச் சட்டம். அதனால் குழாய் சுவர் ஓரமாக அறையை அரைவட்டம் அடித்து வரும். தடித்த கறுப்பு ரப்பர், விறைத்துப்போய் இரண்டு இடத்தில் டேப் சுற்றியிருந்தது. போய்கோவுக்கு முன்னால் இருந்த பேராசிரியர் வாங்கிப் போட்டது, அவரும் ஓய்வு பெற்று எங்கேயோ போய்விட்டார். ‘செத்த பாம்பு மாதிரி இருக்கே, அந்த ஹூஸ்டன்காரி என்ன நினைப்பா’ என்று ராய்லிக்குக் கூச்சமாகப் போயிற்று. அலமாரியில் பிரிக்காத புதுச் சுருள் ஒன்று இருந்தது. பளிங்குபோலத் தெளிவான சிலிக்கோன் குழாய், தொட்டால் மெத்தென்று இருக்கும். அதை மாட்டினாள். அறைக்கே ஒரு களை வந்துவிட்டது. பழையதைக் குப்பையில் போட மனசில்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோனாள். ஓர்வோ எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மரிசோல் த்ரெவீன்யோ வந்து இறங்கினாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஹூஸ்டனில் குளிருக்கென்று விற்கிற கோட்டைப் போட்டிருந்தாள், அதைத் தண்டர் பேயில் குளியலறைக்குப் போட்டுக்கொள்வார்கள். விமான நிலையக் கதவு திறந்ததும் காற்று முகத்தில் அறைந்தது, “மாதாவே!” என்று அப்படியே நின்றுவிட்டாள். ராய்லி கையோடு கொண்டுவந்திருந்த ஓர்வோவின் பனிவண்டி ஜாக்கெட்டை அவள் தோளில் போட்டாள்.

“இது ஆம்பளை ஜாக்கெட்டுங்க, கொஞ்சம் மீன் வாசனை அடிக்கும். உசிரு நிக்கும்.”

“வாசனையை விடுங்க மேடம். இதைக் கழட்டச் சொல்லாதீங்க, அது போதும்.”

வழியில் இருவரும் மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள். சண்டைக்கு முன்னால் இரண்டு கோழிகள் மரியாதையாக நடப்பதுபோல இருந்தது அது. மரிசோல் இருபது வருஷமாகச் செல் வளர்க்கிறவள். தன் கையில் குறை என்று யாராவது சொன்னால் விடமாட்டாள், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

திங்கள்கிழமை காலையில் வேலை ஆரம்பித்தது. ராய்லி தூளை நிறுத்துக் கரைத்தாள். மரிசோல் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “புதுசாத்தான் கரைக்கறீங்க, நாங்களும் அப்படித்தான்” என்றாள். அவளுக்கு இருந்த ஒரு சந்தேகம் அதில் போயிற்று. தட்டுகளில் பாதிக்கு வைட்டமின் சி, பாதிக்கு வெறும் உப்புநீர். எது எதுவென்று எண்ணுகிறவர்களுக்குத் தெரியக்கூடாது, ஆசை கண்ணை ஏமாற்றும். அதனால் போய்கோ ஊற்றும்போது இருவரும் வெளியே போய் நின்றார்கள். திரும்பி வந்தபோது தட்டுகளில் பச்சைப் பொட்டும் மஞ்சள் பொட்டும் ஒட்டியிருந்தன. எந்தப் பொட்டு எதற்கு என்பது போய்கோவுக்கு மட்டும்தான் தெரியும்.

பிறகு தட்டுகள் பெட்டிக்குள் போயின, நைட்ரஜன் திறந்தது. சிலிண்டர் வாயில் இருந்த மீட்டர் ஆக்ஸிஜன் பூஜ்யம் என்று காட்டியது. மரிசோல் குனிந்து பார்த்துத் தலையாட்டினாள். மத்தியானம் தட்டுகளை வெளியே எடுத்துச் சாதாரணக் காற்றில் வைத்தார்கள். இனி செல்கள் இரவு முழுக்க வாழ்வதா சாவதா என்று முடிவு செய்துகொள்ளும்.

செவ்வாய்க்கிழமை காலையில் ராய்லி முதல் தட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். பச்சைப் பொட்டு. செல்கள் நன்றாக, கொழுகொழுவென்று, கைகோத்துக்கொண்டு இருந்தன. ‘இதுதான் வைட்டமின் சி தட்டு’ என்று சந்தோஷமாக மஞ்சளை எடுத்து வைத்தாள்.

மஞ்சளிலும் கொழுகொழுவென்று இருந்தன.

அடுத்த தட்டு, அதற்கடுத்த தட்டு. ஒன்றிலும் சாவு இல்லை. இத்தனை வருஷத்தில் செல் உயிரோடு இருக்கிறதே என்று ராய்லி பதறியது அன்றுதான். எழுந்து மரிசோலுக்கு இடம் விட்டாள். மரிசோல் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது அவள் முகத்தில் ஜெயித்த களை ஒன்றும் இல்லை. பாவம்போல இருந்தது.

“எங்க ஊர்லயும் இதேதான் மேடம். சாகவே மாட்டேங்குது.”

போய்கோ வந்து பார்த்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் புது உறையின் பூப்போட்ட ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“எழுதிடுங்க டாக்டர்” என்றாள் ராய்லி. “பத்திரிகைக்கு எழுதிடுங்க. திரும்ப வாங்கிக்கறோம்னு.”

“ராய்லி…”

“நான் எண்ணினது பொய்யில்ல. சத்தியமா பொய்யில்ல. ஆனா ஏன் இப்படின்னு சொல்லத் தெரியலையே எனக்கு. தெரியாம எப்படி அதுல என் பேரை வச்சிக்கறது?”

நடையில் போய் நின்று ஓர்வோவுக்குப் போன் போட்டாள்.

“அந்த ஃபிரிட்ஜ்ல இருக்கிற பக்கத்தை எடுத்துடு.”

“ஏன், என்னாச்சு?”

“எடுத்துடுன்னா எடு. நான் வந்து பாக்கறப்போ அது இருக்கக்கூடாது.”

போனில் ஓர்வோ சமையலறைக்கு நடந்து போகும் சத்தம் கேட்டது. பிறகு ஓர்வோ, “காந்தம் வரமாட்டேங்குது, ரொம்ப ஒட்டிக்கிச்சு” என்றான்.

மீன் காந்தம் சும்மா தொட்டாலே விழுந்துவிடும் என்பது இருவருக்கும் தெரியும். ராய்லிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போனை வைத்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு உள்ளே வந்தாள். மரிசோல் அவளுக்கு ஒரு கோப்பை காப்பி ஊற்றி வைத்திருந்தாள். ராய்லி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள், வாய் தானாகப் புலம்ப ஆரம்பித்தது.

“நீங்க வர்றீங்கன்னு எவ்வளவு ஆசையா எல்லாம் பண்ணினேன் தெரியுமா? ஸ்டூலுக்கு உறை தைச்சேன். ஜன்னல் துடைச்சேன். அந்தக் கறுமம் புடிச்ச பழைய குழாயைக்கூடத் தூக்கிட்டுப் புதுசு மாட்டினேன்…”

“என்ன குழாயை?”

“காஸ் குழாயை. அசிங்கமா கறுப்பா கெடந்துது. நீங்க என்ன நினைப்பீங்களோன்னு…”

ராய்லி பாதியில் நிறுத்தினாள். மரிசோல் கோப்பையைக் கீழே வைத்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பிச் சுவரைப் பார்த்தார்கள். அங்கே புதுக்குழாய் அழகாக, பளபளவென்று, அறையை அரைவட்டம் அடித்துப் போய்க்கொண்டிருந்தது.

“இது சிலிக்கோனா?” என்றாள் மரிசோல் மெதுவாக.

“சிலிக்கோன்தான்.”

“எங்க லேப் போன வருஷம்தான் கட்டினாங்க. சுவர் பூராவும் இதே குழாய்தான்.”

“தண்ணி ஒழுகாதுங்க இது.”

“தண்ணி ஒழுகாது. காத்து? சிலிக்கோன் காத்துக்குச் சல்லடை மாதிரி இல்லையா? படிச்சிருக்கோமே, ஐயோ, எல்லாரும் படிச்சிருக்கோமே!”

“மீட்டர் பூஜ்யம் காட்டுச்சே!”

“மீட்டர் எங்க இருக்கு?”

சிலிண்டர் வாயில் இருந்தது, குழாய் ஆரம்பிக்கிற இடத்தில். ராய்லி ஸ்டூலைத் தள்ளிவிட்டு ஓடினாள். இருவருமாக மீட்டரைக் கழற்றி, குழாய் முடிந்து பெட்டிக்குள் நுழைகிற இடத்தில் மாட்டி, நைட்ரஜனைத் திறந்தார்கள். எண் பூஜ்யத்துக்கு இறங்கவே இல்லை. இறங்குவதுபோல வந்து, நடுவில் அடம்பிடித்து நின்றுகொண்டது. அவ்வளவு நீளக் குழாயில் நைட்ரஜன் மெல்ல ஊர்ந்து வருகிற வழியெல்லாம் வெளிக்காற்று குழாயின் சுவர் வழியாகவே கசிந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது. செல்கள் மூச்சு முட்டித் தவிக்கும் என்று இவர்கள் நம்பியிருக்க, அவை உள்ளே நிம்மதியாகச் சுவாசித்துக்கொண்டிருந்திருக்கின்றன.

“திருட்டுக் கழுதைங்களா!” என்று ராய்லி பெட்டியைப் பார்த்துக் கத்தினாள். மரிசோல் சிரிக்க ஆரம்பித்தாள். போய்கோ ஓடிவந்து மீட்டரைப் பார்த்து, ‘அட’ என்று ஒரு தடவை சொன்னார். பிறகு சொல்லிக்கொண்டே இருந்தார்.

“மகராசி, மூணு மாசமா எங்க பாஸ் என் கையைத்தான் குத்தம் சொல்லிட்டிருந்தான்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் மரிசோல். “பழைய குழாய் எங்க? குப்பை வண்டி போயிடுச்சா?”

“என் வீட்டுக்காரன்கிட்ட இருக்கு.”

“அப்போ பத்திரமா இருக்கும்.”

“அவனை உனக்குத் தெரியாது” என்றாள் ராய்லி. வாங்க போங்க எல்லாம் அந்த இடத்தில் முடிந்துபோயிற்று.

ஓர்வோ அந்தக் குழாயைச் சவுனாவில் மாட்டியிருந்தான். கொல்லைப்புறத்து மரக்குடிலில், அடுப்புக் கல்லைப் பழுக்கக் காய்ச்சி, அதில் தண்ணீர் ஊற்றி ஆவியில் உட்காருகிற அறை. பீப்பாயிலிருந்து வாளிக்குத் தண்ணீர் இறக்க அந்தக் கறுப்புக் குழாய் அளவெடுத்துச் செய்ததுபோலப் பொருந்திவிட்டது. அவனுக்கு ஒரே பெருமை.

“ஓர்வோ, அதைக் கழட்டிக் கொடு.”

“அடுப்பு போட்டாச்சு. கல்லு காஞ்சாச்சு. இப்போ எப்படிக் கழட்டறது?”

“என் பேரு போகப்போகுதுடா!”

“பேரு எங்கயும் போகாது, காலையிலதானே மாட்டப்போறீங்க?” அவன் மரிசோல் பக்கம் திரும்பினான். “அம்மா, எங்க வீட்டுக்கு வந்தவங்க சவுனாவுல உக்காராம திரும்பினதா சரித்திரம் கிடையாது. குழாய் வேணும்னா, முதல்ல ஆவி. அப்புறம் வெளியே பனியில ஒரு உருளு. அப்புறம் குழாயை ரிப்பன் கட்டித் தரேன்.”

“பனியில உருளணுமா? துணியில்லாமயா?” மரிசோல் ராய்லியைப் பார்த்தாள்.

“நான் கூட இருக்கேன். இந்தக் கிழவனை உள்ளே பூட்டிடலாம்.”

மரிசோல் சவுனாவுக்குள் போனாள். முதல் கரண்டித் தண்ணீர் கல்லில் விழுந்து ஆவி எழுந்தபோது தன் ஊர் ஆகஸ்ட் மாதம் நினைவுக்கு வந்து, “இதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்!” என்றாள். வெளியே ஓடிப் பனியில் விழுந்து அவள் போட்ட கூச்சல் பக்கத்துத் தெருவில் எய்னோ வீட்டுக்குக் கேட்டதாம். எழுந்தபோது உடம்பெல்லாம் சிவந்து, முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள். மூச்சு முட்டி, திரும்ப மூச்சு வருகிற ஆனந்தத்தை அவள் இத்தனை வருஷம் தட்டில்தான் பார்த்திருந்தாள். சமையலறையில் சூப்பும் கறுப்பு ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டே ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தாள். அந்தப் பக்கம் அங்கேயே இருந்தது. ராய்லியும் பார்த்தாள். ஓர்வோவுக்கு இன்னொரு கரண்டி சூப் ஊற்றினாள்.

புதன்கிழமை காலையில் கறுப்புக் குழாய்க்குள் நைட்ரஜனை விட்டு உலர்த்தி, டேப் சுற்றிய இடமெல்லாம் புதுசாகச் சுற்றி, பழைய இடத்தில் மாட்டினார்கள். மீட்டரைப் பெட்டியின் வாசலிலேயே வைத்தார்கள். எண் இறங்கி இறங்கிப் பூஜ்யத்தில் போய் அசையாமல் உட்கார்ந்தது. மறுபடி புதுத் தூள், மறுபடி தட்டுகள், போய்கோ ஒட்டிய பொட்டுகள். இந்தத் தடவை நீலமும் சிவப்பும்.

வியாழக்கிழமை இரண்டு பெண்களும் தனித்தனியாக எண்ணினார்கள். ஒருத்தி எண்ணும்போது இன்னொருத்தி அறையிலேயே இருக்கவில்லை. ராய்லி சிவப்புத் தட்டை வைத்தாள். நீட்டிய கையெல்லாம் மணி மணியாக அறுந்து, செல்கள் சுருங்கிக் கறுத்துக் கிடந்தன. அவளுக்கு எப்போதும் அதைப் பார்த்தால் மனசு கஷ்டப்படும். அன்றைக்கு, “செத்துடுச்சு! செத்துடுச்சு!” என்று நடை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். பக்கத்து லேப்பிலிருந்து யாரோ ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா என்று எட்டிப் பார்த்தார்கள்.

நீலத்தில் பெரும்பாலானவை பிழைத்திருந்தன. சில போயிருந்தன, அது எப்போதும் உள்ளதுதான். மிச்சமெல்லாம் ஒன்றையொன்று பிடித்த பிடியை விடாமல் உட்கார்ந்திருந்தன. மரிசோலின் கணக்கும் அதையேதான் சொன்னது.

“சொல்லுங்க டாக்டர்” என்றாள் ராய்லி. “நீலம் எது?”

போய்கோ வாயில் இருந்த பேனா மூடியை எடுத்தார். “நீலம் வைட்டமின் சி.”

ராய்லி முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். மரிசோல் அவளைக் கட்டிக்கொண்டு தூக்கப் பார்த்தாள், முடியவில்லை, இருவருமாகப் பூப்போட்ட ஸ்டூல்மேல் சாய்ந்தார்கள். போய்கோ என்ன செய்வதென்று தெரியாமல் இருவருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார். பிறகு மரிசோல் நடையில் நின்று ஹூஸ்டனுக்குப் போன் போட்டாள்.

“பாஸ், ஒரு நல்ல செய்தி. நம்ம லேப்ல செல் ரொம்ப சௌக்கியமா இருந்திருக்கு. அதான் கோளாறு… ஆமா, குழாய்… இல்ல பாஸ், என் கையில இல்ல. என் கையில ஒரு குத்தமும் இல்லைன்னு எழுதித் தரணும் நீங்க.”

ஊருக்குப் போகும்போது ராய்லி கறுப்புக் குழாயில் மாட்டியதுபோக மிச்சமிருந்த ஒரு நீளத்தை வெட்டி, சுருட்டி, ரொட்டியோடு சேர்த்துக் காகிதத்தில் கட்டிக் கொடுத்தாள். ஓர்வோ சொன்னபடி ரிப்பனும் கட்டினான். விமான நிலையத்தில் பையைச் சோதித்தவர், “இது என்னங்க?” என்று தூக்கிப் பிடித்தபோது, “பரிசு” என்றாள் மரிசோல். அவர் இரண்டு தடவை அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார்.

ஏரி உருகி, ஆமைகள் கட்டைமேல் ஏறி வெயில் காய்கிற காலத்தில் ஹூஸ்டன்காரர்களின் கட்டுரை வந்தது. அவர்களுக்கும் வந்துவிட்டது. வைட்டமின் சி ஊட்டியவை பிழைத்தன, ஊட்டாதவை செத்தன, ராய்லி எண்ணியது எண்ணியபடியே. கடைசிப் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், குழாய் தந்து உதவிய ராய்லி ஹாப்பாலாவுக்கும், அதைத் தன் சவுனாவிலிருந்து கழற்றிக் கொடுக்கச் சம்மதித்த ஓர்வோ ஹாப்பாலாவுக்கும் நன்றி என்று போட்டிருந்தது.

ஓர்வோ அதை மூக்குக்கண்ணாடி போட்டு ஒரு தடவையும், கழற்றிவிட்டு ஒரு தடவையும் வாசித்தான். மூன்றாவது தடவையும் வாசிக்க எடுத்ததைப் பார்த்து ராய்லிக்குத்தான் பயமாகப் போயிற்று.

“என்னப்பா?”

“சவுனான்னு அச்சுல போட்டிருக்காங்க, ராய்லி.”

“ஆமா.”

“எய்னோ வயிறெரிஞ்சே செத்துப்போவான்.”

“வைட்டமின் சி கொடு, பிழைச்சிக்குவான்.”

அவன் அந்தப் பக்கத்தை ஃபிரிட்ஜ் கதவில் முதல் பக்கத்தின்மேல் வைத்தான். அவள் பெயர் மறைந்தது. எடுத்துக் கீழே தள்ளி, அவள் பெயர் நன்றாகத் தெரியும்படி வைத்தான். வீட்டில் இருந்தது ஒரே மீன் காந்தம்தான், தொட்டால் விழுகிற காந்தம், இரண்டு பக்கத்தையும் அது தாங்குமா என்று இருவரும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள். தாங்கியது.